வெள்ளி இலைத் தைல மரம் வில்லியனூரில் வளருமா?

கல்யாண வரவேற்பு மேடையில் ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் நடுவே, சாம்பல் பூத்த நிறத்தில் வட்ட வட்டமாக ஓர் இலையைச் செருகியிருப்பார்கள். மேடை அலங்காரக்காரர்கள் அதற்கு ‘சில்வர் டாலர்’ என்று பெயர் சொல்வார்கள். அதுவும் தைல மரத்து இலைதான் என்று பாகூரில் ஒரு விவசாயியிடம் சொன்னால் நம்ப மாட்டார். அவருக்குத் தெரிந்த தைல மரம் நெடுநெடுவென்று ஒல்லியாக நிற்கும். இலை அரிவாளாய் வளைந்து தொங்கும். நாலைந்து வருடத்தில் வெட்டி லாரியில் ஏற்றினால் காகித ஆலைக்குப் போய்ச் சேரும். அழகுக்காக அதை யாராவது தோட்டத்தில் வைப்பார்களா என்று சிரிப்பார்.

வைக்க விரும்புகிறவர்கள் இப்போது உண்டு. புதுச்சேரி நகரத்து நெரிசலிலிருந்து தள்ளி, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கித் தோட்டத்தோடு வீடு கட்டுகிறவர்கள், இணையத்தில் ‘குளிர் தாங்கும் அலங்கார யூகலிப்டஸ்’ என்ற படத்தைப் பார்த்துவிட்டு நர்சரிகளில் கேட்கிறார்கள். விதையும் தபாலில் வருகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: முளைக்கும், ஆனால் நிலைக்காது. ஏன் நிலைக்காது என்பதில்தான் இந்த மரத்தின் சுவாரசியமே இருக்கிறது.

யூகலிப்டஸ் என்பது ஒரு மரமல்ல. 700க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு பெருங்கூட்டம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில தவிர எல்லாவற்றுக்கும் ஆஸ்திரேலியாவே தாயகம். பாலைவனத்து மணலில் புதராகக் கிடப்பதும் உண்டு, ஆற்றங்கரை வெள்ளத்தில் மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு, பனி மூடும் மலையுச்சியில் முறுக்கிக்கொண்டு வளர்வதும் உண்டு. கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில், 1777இல், டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவில் பறித்த ஒரு கிளையை வைத்து 1788இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் சூட்டியவர் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். நம் நீலகிரித் தைலத்துக்கு மூலமான நீல கம் மரத்தை விவரித்த லபியார்தியேரும் பிரெஞ்சுக்காரரே. ஆனாலும் புதுச்சேரிப் பக்கத்துக்கு இந்த மரம் பிரெஞ்சுக் கப்பலில் வரவில்லை. மைசூர், நீலகிரி வழியாகத்தான் வந்தது. அந்தக் கதை பின்னால்.

முதலில் அந்த வட்ட இலை. பல யூகலிப்டஸ் இனங்களுக்கு வாழ்நாளில் இரண்டு வகை இலைகள். கன்றாக இருக்கும்போது இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிக்கொண்டு, வட்டமாக, வெண்சாம்பல் மெழுகு பூசி நிற்கும். மரம் வளர்ந்ததும் அவை போய், மாற்றடுக்கில் நீண்ட இலைகள் வரும். இந்த முதிர்ந்த இலைகள் காம்பில் தொங்கித் திரும்பிக்கொள்வதால், உச்சி வெயில் இலைப்பரப்பில் நேராக விழுவதில்லை. தைல மரத்தடியில் நிழல் போதவில்லை என்று குறைப்படுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். எந்த இலையையும் பறித்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்: ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய ஒளிப் புள்ளிகள் தெரியும். எண்ணெய் இருக்கும் அறைகள் அவை. கசக்கினால் அவை உடைந்துதான் மணம் எழுகிறது.

மேடை அலங்காரத்துக்குப் போவது கன்றுப் பருவத்து இலை. அப்படியானால் மரத்தை எப்போதும் கன்றாகவே வைத்திருக்க வேண்டும். குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் இதற்கு வருடாவருடம் மரத்தை இடுப்பளவுக்கோ தரைமட்டத்துக்கோ வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும் தளிர் குழந்தை இலைகளோடுதான் வரும். நம் ஊரில் கரும்புக்கு மறுதாம்பு விடுகிறோமே, தைலத் தோப்பிலும் அதே சொல், அதே வேலை. யூகலிப்டஸின் பட்டைக்கடியிலும், பல இனங்களில் வேரும் தண்டும் சேரும் இடத்தில் பருத்திருக்கும் கிழங்கு போன்ற பகுதியிலும், உறங்கும் மொட்டுகள் ஏராளம். காட்டுத் தீயோ வெட்டரிவாளோ மேல்பகுதியை அழித்தால், அவை விழித்துக்கொள்ளும். பெருந்தோட்டத்தில் வெள்ளி இலை மரத்தை வைத்தவர்கள் வெட்டாமல் முப்பதடி உயரத்துக்கு விட்டுவிட்டு, ‘வெள்ளி இலை எங்கே போயிற்று’ என்று கேட்பது வெளிநாட்டிலும் வாடிக்கைதான்.

இனி குளிருக்கு வருவோம். இந்த அலங்கார வகைகளில் முதலிடம் டாஸ்மேனியாவின் நடுப் பீடபூமியில் வளரும் ‘கன்னியை’ (gunnii) என்ற யூகலிப்டஸுக்கு. ‘சைடர் கம்’ என்று ஆங்கிலேயர் அழைத்தார்கள். காரணம், அதன் பட்டையில் துளையிட்டால் இனிப்பான நீர் வடியும். டாஸ்மேனியப் பழங்குடிகள் அதைத் தேக்கிப் புளிக்க வைத்துக் குடித்தார்கள். பனங்கள் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மரம் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழான குளிரைத் தாங்கும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் தோட்டங்களில் நிற்கிறது.

அது தாங்கும் விதம் நம் எதிர்பார்ப்புக்கு மாறானது. ஐரோப்பிய ஓக், மேப்பிள் போல இது இலையை உதிர்த்துவிட்டு, செதில் மூடிய மொட்டுக்குள் ஒடுங்கித் தூங்குவதில்லை. யூகலிப்டஸின் வளர்முனைக்கு அந்தச் செதில் மூடி கிடையாது. வெதுவெதுப்பு இருக்கும்வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். இரவுகள் சிறுகச் சிறுகக் குளிர்ந்தால்தான் உள்ளுக்குள் வேலை தொடங்குகிறது: செல்களில் சர்க்கரை கூடுகிறது, செல்சவ்வின் கட்டமைப்பு மாறுகிறது, நீர் உறையும் புள்ளி கீழே இறங்குகிறது. இப்படிப் பழகிய மரம் கடும் பனியைத் தாங்கும். அதே மரம், பழகுவதற்கு நாள் கிடைக்காமல் திடீரென்று அடிக்கும் பனியில் கருகிப்போகும். ‘குளிர் தாங்கும்’ என்ற விளம்பரச் சொல்லில் இந்த நிபந்தனை இருக்காது.

வெள்ளி மெழுகுக்கும் இதில் பங்கு உண்டு. டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகருக்குப் பின்னால் வெலிங்டன் மலை இருக்கிறது. அங்கே அர்னிஜெரா என்ற யூகலிப்டஸ், அடிவாரத்தில் பச்சை இலையோடும், மேலே ஏற ஏற மெழுகு பூத்த வெண்ணிற இலையோடும் நிற்கிறது. ஒரே இனம், ஒரே மலை. உறைபனிக் காலையில் இலையின் உணவு தயாரிப்பு முடங்கிக் கிடக்கும்போது மேலே வெயில் சுள்ளென்று விழுந்தால், பயன்படுத்த முடியாத ஒளி இலையையே சிதைக்கும். மெழுகு அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீரும் இலையில் ஒட்டாமல் உருண்டுவிடுவதால், உறைபனி இலைக்குள் ஊடுருவ வழி குறைகிறது. நாம் அழகென்று பார்க்கும் வெண்மை, குளிர் மலைக்காரனின் சட்டை.

அந்தச் சட்டையோடு வில்லியனூருக்கு வந்தால் என்னாகும்? டாஸ்மேனியப் பீடபூமியில் நடுக்கோடைப் பகலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். நமக்கு மார்கழிப் பின்னிரவிலேயே அந்த அளவுதான். கத்திரி வெயிலில் பகல் 40ஐத் தொடுவது ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை, கடற்காற்றின் ஈரத்தோடு இரவும் புழுங்குவது. பகலில் தயாரித்த உணவை மரம் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெப்பமோ அவ்வளவு செலவு. மலை மரத்துக்கு வரவைவிடச் செலவு கூடிவிடும். அதன்பின் ஐப்பசி, கார்த்திகை மழை. வெதுவெதுப்பான ஈர மண்ணில் வேரழுகல் பூஞ்சைகளுக்குத் திருவிழா. மலை இனங்களின் வேர் அதற்குப் பழக்கப்பட்டதே இல்லை. கன்று ஆடி வரை தாக்குப்பிடித்து, மழை முடிவதற்குள் ஒரே வாரத்தில் வாடி நிற்பது இதனால்தான்.

இதற்கு வேறு சாட்சியே வேண்டாம். டாஸ்மேனியாவின் மீனா பகுதியில், பிறந்த மண்ணிலேயே, சைடர் கம்மின் ஒரு கிளையினம் அருகிவருகிறது. வறட்சியும் ஏறிவரும் வெப்பமும் அதை உச்சியிலிருந்து காயவைக்கின்றன. சொந்த வீட்டிலேயே புழுக்கம் தாங்காத மரத்தை நாம் வங்கக் கடலோரத்தில் வைக்கப் பார்க்கிறோம்.

நம் நாட்டில் இந்தக் குளிர் இனங்களுக்கு ஏற்ற இடம் நீலகிரியும் கொடைக்கானலும். 1843இல் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் குன்னூரை அடுத்து, இன்றைய வெலிங்டனில், நீல கம் மரத்தை நட்டார் என்பது வரலாறு. (டாஸ்மேனிய மலைக்கும் இந்தப் படைமுகாமுக்கும் பெயர் தந்தவர் ஒரே பிரபுதான்.) சோலைக்காடுகளை விறகுக்காக வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு, பத்து வருடத்தில் விறகாகும் மரம் வரப்பிரசாதமாகத் தெரிந்தது. 1860கள் தொட்டு ஊட்டியைச் சுற்றிப் பெருந்தோப்புகள் எழுந்தன. உதிர்ந்த இலையைக் கூட்டி, பானையில் அவித்து, ஆவியைக் குளிரவைத்து எடுக்கும் தைலம் குடிசைத் தொழிலானது. பிற்காலத்தில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு நாரிழைக்கூழும் இந்த மரங்களிலிருந்தே போயிற்று. ஆனால் புல்வெளிகள் தோப்பாக மாறியதற்கு ஒரு விலையும் இருந்தது. நீலகிரியின் கிளென்மார்கனில் மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீல கம் நட்ட பக்கத்து ஓடையில் வந்த நீர், முதல் சுற்று மரங்கள் இருந்தபோது 16 சதவீதமும், வெட்டிய பின் தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்திருந்தது.

சமவெளித் தைல மரம் வேறு. 1790 வாக்கில் திப்பு சுல்தான் தன் நந்திமலைத் தோட்டத்தில் யூகலிப்டஸ் விதைகளைப் போட்டார் என்பார்கள். அங்கே கலந்து பெருகிய மரங்களிலிருந்து எடுத்த விதையே பின்னால் ‘மைசூர் கம்’ என்றும் ‘யூகலிப்டஸ் ஹைப்ரிட்’ என்றும் நாடெங்கும் பரவியது. அதில் பெரும்பகுதி டெரெட்டிகார்னிஸ் இனம். பாப்புவா நியூ கினியிலிருந்து தென்கிழக்கு ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இனம் என்பதால் வெப்பம் அதற்குப் பொருட்டே இல்லை. கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கோவையின் வன மரபியல், மரப்பெருக்கு நிறுவனம் ஆகியவற்றின் முயற்சியால் இன்று விதைக்கன்றுக்குப் பதில், தேர்ந்த மரத்தின் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த குளோன் கன்றுகளே தோப்புகளுக்குப் போகின்றன. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் இதை ‘ஆர்.எஸ்.பதி மரம்’ என்று தைலப் பாட்டிலின் பெயராலேயே அழைப்பார்கள்.

‘சரி, மலை மரம் வேண்டாம், இந்த ஊர்த் தைல மரத்தையே வருடாவருடம் வெட்டி, குழந்தை இலையாக வைத்துக்கொள்ளலாமே’ என்று கெட்டிக்காரத் தோட்டக்காரர் கேட்பார். செய்யலாம். இலை அகலமாக, சற்று நீலம் பூத்து வரும், வெள்ளியாக வராது. கூடவே ஒரு விருந்தாளியும் வரும். ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே நீளமான லெப்டோசைபே என்ற குளவி, 2000களில் தென்னிந்தியத் தைலத் தோப்புகளைப் பதம் பார்த்தது. இளந்தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டையிடும், அந்த இடம் பருத்து, பச்சையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் கரணையாகிவிடும், தளிர் கோணிப்போகும். அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 2004இல்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து அதன் எதிரிக் குளவி வந்தபின் தொல்லை ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனாலும் எப்போதும் தளிராகவே வைத்திருக்கும் மரம் அதற்கு எப்போதும் பந்தி போடும் மரம்.

தண்ணீர் விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்று ஊரில் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒரு காலத்தில் தள்ளினார்கள். பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் அளந்து பார்த்தபோது, ஆழமான செம்மண்ணில் நின்ற தைலத் தோப்பு, வறண்ட மூன்று ஆண்டுகளில் பெய்த சுமார் 2,100 மில்லிமீட்டர் மழைக்கு எதிராக 3,400 மில்லிமீட்டர் அளவு நீரைச் செலவழித்திருந்தது. மிச்சத்தை ஆழ மண்ணிலிருந்து வேர் இழுத்திருக்கிறது. அதே ஆய்வில், வேர் ஆழம் போக முடியாத இடத்தில் தைல மரம் நாட்டுக்காட்டைவிட அதிகம் குடிக்கவில்லை. ஆகவே குற்றவாளி மரம் மட்டுமல்ல. எந்த மண்ணில், எத்தனை மரம் என்பதும்தான். கர்நாடகம் 2017இல் புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரம் ஊரின் நீரைத் தீர்த்துவிடாது. ஆனால் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி, கடலோர உப்பு உள்ளே ஏறிவருமோ என்ற கவலையோடு இருக்கும் பாகூர்ப் பக்கத்தில் வேலியோரமாக வரிசை நடுவது நல்ல அண்டைவீட்டார் செய்யும் காரியமல்ல.

அப்படியும் யூகலிப்டஸ் வாசனை தோட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை எலுமிச்சை மணத் தைல மரம், அதாவது சிட்ரியோடோரா. 1995இல் தாவரவியலாளர்கள் இதை யூகலிப்டஸிலிருந்து பிரித்து கொரிம்பியா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். மரத்துக்கு அது தெரியாது, மணம் மாறவில்லை. குயின்ஸ்லாந்தின் வெப்பத்தில் பிறந்தது. பட்டை உரிந்ததும் அடிமரம் வழவழவென்று வெளிர்ந்து தெரியும் அழகு வேறெந்த மரத்துக்கும் சளைத்ததல்ல. இலையில் சிட்ரோனெல்லால் நிறைந்திருப்பதால் மழை தூறியதும் தோட்டமெங்கும் எலுமிச்சை மணக்கும். கொசு விரட்டிகளில் சேரும் ஒரு பொருளும் இந்த எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. அதற்காக மரம் இருந்தால் கொசு வராது என்று எண்ணிவிட வேண்டாம். எந்தத் தைல மரத்து எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு ஆபத்து.

இடம் முக்கியம். சேதராப்பட்டு, கரசூர் பக்கத்துச் செம்மண் மேடு இதற்கு ஒத்துவரும். பாகூர் ஏரிப் பாசனத்தின் களிமண்ணில், மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடத்தில் வேண்டாம். மரம் எண்பது அடி போகும் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கும் மின்கம்பிக்கும் அவ்வளவு தூரம் விடுங்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் கண்ட ஊரில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. கன்று வாங்கும்போது உயரமானதைத் தேடாதீர்கள். ஓரடிக்கு உட்பட்ட சின்னக் கன்றே போதும். பாலிதீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் அடியில் சுருண்டுவிடும். மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுருள் அவிழாது. மரம் பெருத்தபின் புயலில் அடியோடு சாய்வது இப்படிப்பட்ட கன்றுகளே. பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். சுருண்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால், வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் ஆண்டில் கரையான்தான் எதிரி; குழியில் மக்காத எருவும் இலைச்சருகும் போடாமல் இருப்பது பாதிக் காவல்.

வானவில் நிறத்தில் பட்டை உரியும் யூகலிப்டஸ் கன்று என்றும் ஒன்று விற்கிறார்கள். மரம் உண்மைதான், பிலிப்பைன்ஸ், நியூ கினி மழைக்காடுகளைச் சேர்ந்தது. ஆண்டு முழுதும் ஈரம் கேட்கும். தை முடிந்தால் ஆனி வரை காயும் நம் மண்ணில் தினமும் நீரூற்றிக் காப்பாற்றுவது வீண் செலவு.

வெளிர் பட்டையோடு ஓங்கி நிற்கும் ஒரு பெருமரம்தான் உங்கள் ஆசை என்றால், அது சங்கராபரணிக் கரையிலேயே இருக்கிறது: நீர்மருது. அதன் பட்டையும் தாள் தாளாக உரிந்து சாம்பல் வெண்மையாக மின்னும். களிமண், ஈரம், வெயில், எதற்கும் அசராது. நிழலும் தரும், பறவையும் வரும். பாகூர்க்காரர்கள் நீர்மருதையே நடுங்கள். வில்லியனூர்ச் செம்மண்காரர்கள் வேண்டுமானால் ஒரே ஒரு எலுமிச்சைத் தைல மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இலை வேண்டும் என்பவர்கள் மலைப்பக்கத்திலிருந்து வரும் கொத்து ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, ஜாடியில் வையுங்கள். நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும்.